முதல் நாக்கு

பீர் குடிப்பதற்காகச் சம்பளம் வாங்கிய பெண் புதுச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் நாத்தனார் லூர்து இதைச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைப்பாள். "எங்க அண்ணன் ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு. அண்ணி என்னடான்னா குடிக்கிறதுக்கு ஐ.டி. கார்டு மாட்டிக்கிட்டுப் போறாங்க" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் ஆரம்பிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதெல்லாம் அவர் இருந்தபோது.

என் பெயர் பிலோமினா. நாற்பத்தொன்பது வயது. பீர்களுக்கு மதிப்பெண் போடும் 'சொட்டு' என்ற நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். சின்ன ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் குடிக்கிறவர்களுக்குச் சொட்டைத் தெரியாமல் இருக்காது. கடைக்குள் நுழைந்தால் சுவரில் இருபது பீர்களின் பெயர் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்துக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும். எண்ணைப் பார்த்த பிறகுதான் யாரும் பெயரைப் படிப்பார்கள். நம் பக்கத்தில் அந்த எண்ணை முதலில் போட்டது நான்.

ஒரு காலத்தில் ரேட்டிங் என்றால் ஆளாளுக்குக் கைப்பேசியில் நட்சத்திரம் போடுவதுதான். பீர் காய்ச்சும் ப்ரூவரிக்காரரின் மச்சான் ஐந்து போடுவான், போட்டிக்காரன் ஒன்று போடுவான். அந்தக் கூத்தை ஒழிக்கத்தான் பட்டை வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது, விரல் நகம் அளவுதான் இருக்கும். முதல் வாய் உள்ளே போன பத்து நொடிக்குள் உடம்பு எவ்வளவு மகிழ்ந்தது என்பதை அதுவே அளந்து அனுப்பிவிடும். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று விளம்பரம் செய்தார்கள். பட்டை இல்லாதவர்களைக் கடைக்குள் விடுவதில்லை என்கிற அளவுக்கு அது பரவியது.

பட்டையிலும் ஒரு கோளாறு இருந்தது. அதை எனக்கு விளக்கியவர் சொக்கலிங்கம். காரைக்குடிப் பக்கத்து ஆள், எங்கள் சுவைக்கூடத்தின் பொறுப்பாளர். பீரின் தலையெழுத்தை எழுதும் இடத்துக்குப் பொறுப்பாளராக இருந்த அவர் வாழ்நாளில் பீரை நக்கிக்கூடப் பார்த்ததில்லை. "எதுக்குக்கா, அதான் எண்ணு வருதே" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது இது:

"உடம்பு பொய் சொல்லாதுக்கா. ஆனா கண்ணு சொல்றத நம்பிடும். செவுத்துல நாலரைன்னு போட்டிருந்தா, டம்ளரக் கையில எடுக்கும்போதே உடம்பு சந்தோஷப்பட ஆரம்பிச்சிடுது. ரெண்டுன்னு போட்டிருந்தா மூஞ்சியச் சுளிக்குது. ரெண்டும் ஒரே பீருதான்."

"அப்ப யார் குடிச்சாலும் செவுத்துல போட்டிருக்கிற எண்ணுதானே வரும்?"

"கொஞ்சம் முன்னப்பின்ன, அதேதான் வரும். அதனாலதான் மொதல்ல ஒரு ஆளு எண்ணே பாக்காம குடிக்கணும். தொடக்க எண்ணு அவங்க உடம்புலேர்ந்து வரணும். அந்த ஆளுதான் நீங்க."

அந்தப் பதவிக்கு முதல் நாக்கு என்று பெயர். நான் அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. நாற்பத்திரண்டு வயதுவரை பீர் குடித்ததே இல்லை. எழுநூறு பேரைக் கூப்பிட்டுச் சோதித்ததில் என் உடம்புதான் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறது என்றார்கள். பிடித்தால் பளிச்சென்று மேலே போகும், பிடிக்காவிட்டால் தடாலென்று விழும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

வேலையின் விதிகள் கடுமையானவை. எதற்கும் யார் கொடுத்த மதிப்பெண்ணும் என் கண்ணில் படக் கூடாது. அதற்காக ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். சாம்பல் நிற விளிம்பு. அதைப் போட்டுக்கொண்டால் கடைப் பலகையில், கைப்பேசியில், பேருந்தின் பின்னால் என்று எங்கே ரேட்டிங் இருந்தாலும் அந்த இடம் மட்டும் மங்கிவிடும். சினிமா நன்றாக ஓடுகிறதா என்று தெரியாமலே போய் உட்கார்வேன். பல் டாக்டரைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பேன். நான் குடிக்கும் பீர் யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். நான் கொடுத்த எண் என்னவென்றும் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

சுவைக்கும் நாட்களில் வேலை தொடங்கும் முன் அளவு எடுப்பது வழக்கம். முதலில் ஒரு வாய் வெறும் தண்ணீர், அது கீழ்க்கோடு. பிறகு ஒரு துண்டு கல்கண்டு, அது மேல்கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் அன்றைய பீர்களெல்லாம் நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆவணி மாதம் என் வீட்டுக்காரர் அருளப்பன் இறந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்து என்னை உலுக்கி, "அழுதுடுங்க அண்ணி, நெஞ்சு அடைச்சிடும்" என்றாள். அடைக்கவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது இல்லையா, முழு உடம்பும் அப்படி ஆகிவிட்டது.

பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? சொக்கலிங்கம் கல்கண்டை நீட்டினார். வாயில் போட்டேன். இனிப்பு என்று தெரிந்தது, செய்தித்தாளில் மழை பெய்தது என்று படிப்பதுபோல. அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டை சரியா ஒட்டல போலக்கா" என்று காதுக்குப் பின்னால் அழுத்திவிட்டார். பிறகு முதல் டம்ளரை எடுத்து வைத்தார். அப்படியே பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து கதவைத் தட்டினார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டை நன்றாக வெளுத்து, இஸ்திரி போடாமல் இருந்தது.

"பிலோமினா மேடம் நீங்கதானே? எம் பேரு தணிகாசலம். பாகூர்ல ப்ரூவரி வச்சிருக்கேன். 'ஏரிக்கரை'ன்னு ஒரு பீரு. பச்சரிசிய வறுத்துப் போட்டுக் காய்ச்சறது."

நான் கதவைச் சாத்தப் போனேன். ப்ரூவரிக்காரர்களோடு பேசுவது பெரிய குற்றம். முதல் நாக்குகளான எங்கள் பெயர்கள்கூட ரகசியம்.

"சொட்டு ஆபீசுக்கு எதிர் டீக்கடையில நாலு மாசம் நின்னேங்க" என்றார் அவர். "செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழமதான் தொடக்க எண்ணு வருது. அந்த ரெண்டு நாளும் இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உள்ள போறது நீங்க ஒருத்தர்தான். சண்டைக்கு வரல. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்."

"கேளுங்க."

"என் பீருக்கு ரெண்டு புள்ளி…"

"எண்ணச் சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்டேன். ஏழு வருடப் பழக்கம்.

அவர் திகைத்துப் போனார். "எண்ணச் சொல்லாம எப்படிங்க கேக்கறது?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது உடனே அடங்கியும் போனது. உள்ளே வரச் சொன்னேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். மூன்றுக்குக் கீழே எண் போனால் கடைகளில் அந்தப் பீரின் குழாய் தானாக மூடிக்கொள்ளும். அவருடையது ஐந்து மாதமாக மூடிக் கிடக்கிறது. அவருக்கு மட்டுமல்ல, புதுச்சேரி, விழுப்புரம், திண்டிவனம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பதினொரு ப்ரூவரிகள் இழுத்து மூடப்பட்டுவிட்டன. பெங்களூர், கோயம்புத்தூர் பக்கமெல்லாம் பழைய மாதிரியே இருக்கிறது.

"இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் ஒரே சமயத்துல தொழில மறந்துட்டமா? அது எப்படிங்க நடக்கும்? போன வருசம் ஆவணிக்கு முன்ன வரைக்கும் எல்லாருக்கும் நல்ல எண்ணு. ஆவணி பாதியிலேர்ந்து தடால்னு எறங்குது. அன்னைக்கு உங்க நாக்குக்கு என்ன ஆச்சு? இதான் என் கேள்வி."

அவர் பார்வை சுவர்ப் பக்கம் போனது. அருளப்பனின் படம், மாலை, கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

மேடம் போய் அம்மா ஆகிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினொரு ப்ரூவரிகள். அங்கே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வருத்தம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. அது வரவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்கு வேற வழி ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டேன்.

"மறுசுவை கேக்கலாம். ஒரு தடவைதான் குடுப்பாங்க. கேட்டிருக்கேன், இந்த வெள்ளிக்கெழம வருது. மூணு வந்தா குழாய் தொறந்திடும். வரலன்னா லைசென்ஸே போயிடும், ஆறு பேரு என்ன நம்பி இருக்காங்க." கையை விரித்தார். "அதுலயும் ஒரு கூத்து. மறுசுவைக்குப் புதுசாக் காய்ச்சி அனுப்பக் கூடாது. மொதல்ல எண்ணு வாங்கின அதே சரக்குலேர்ந்துதான் அனுப்பணும்னு ரூல். அது அஞ்சு மாசமாத் தகர ஷெட்டுல வெந்துக்கிட்டுக் கெடக்கு. நல்லா இருந்த காலத்துலயே தேறாதது இப்ப எங்க தேறப்போவுது?"

வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பினார். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சொக்கலிங்கத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "பதினாலு மாசமா கல்கண்டுல எனக்கு என்ன அளவு வருது?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எண்ணைச் சொல்லக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

"ஒண்ணுமே வரலக்கா" என்றார் கடைசியில். "தண்ணிக்கும் கல்கண்டுக்கும் ஒரே கோடு."

"அப்ப மெஷின் எப்படி வேலை செஞ்சுது?"

"மேல்கோடு இல்லாம அடுத்த பக்கத்துக்கே போவாது. முந்தின நாள் அளவப் போட்டுக்கலாம்னு ஒரு பட்டன் இருக்கு. பட்டை தகராறு பண்ற அன்னைக்கு அமுக்கறதுக்காக வச்சது. அத அமுக்கினேன்."

"எத்தன நாளு?"

"எல்லா நாளும்."

கல்கண்டு கூட எட்டாத உடம்பை வைத்துக்கொண்டு, பழைய பிலோமினாவின் மேல்கோட்டில் எல்லாப் பீரையும் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே குட்டையாகத்தான் தெரிந்திருக்கும்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே உங்கள நிறுத்தியிருப்பாங்கக்கா" என்றார் சொக்கலிங்கம். அவர் கண் கலங்கிவிட்டது. "வீட்டுக்காரரு போயி பதினோரு நாளுதான் ஆகியிருந்துச்சு. வேலையும் போச்சுன்னா என்ன ஆவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரத்துல சரியாயிடும்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மாசம்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல முடியாத அளவுக்குப் போயிடுச்சு."

அந்த மனிதரை எப்படித் திட்டுவது? என்மேல் இரக்கப்பட்டு ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்த இரக்கத்தில் பதினொரு இடங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

"இப்ப மேலிடத்துல சொல்லிடு" என்றேன். "எல்லாத்தையும் ரத்து பண்ணட்டும்."

"பண்ண மாட்டாங்கக்கா. நீங்க குறைச்சுப் போட்டதும் அந்த எண்ணு செவுத்துக்குப் போயிடுச்சு. குழாய் மூடறதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜனங்க அதப் பாத்துக்கிட்டே குடிச்சாங்க. அவங்க உடம்பும் அதையே சொல்லிடுச்சு. நீங்க சொன்னது தப்புன்னு இனிமே யாராலயும் நிரூபிக்க முடியாது."

"வெள்ளிக்கெழம மறுசுவையையாவது வேற ஆளுக்கு அனுப்பு."

"பெங்களூர்ல இருக்கற நாக்குக்கு அனுப்பலாம். மூணு மாசம் ஆவும்."

மூன்று மாதத்துக்குள் தணிகாசலத்தின் கதை முடிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை நான்தான் குடிக்க வேண்டும். கடைசியாக ஒரு தடவை அந்தப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். அன்று முடிந்ததும் நானே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுவதாகச் சொன்னேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் நான் செய்த வேடிக்கையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகிழ்ச்சியாக இருக்கப் பழகினேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன். கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடல் கடலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு டம்ளர்களை வரிசையாக வைத்தார் சொக்கலிங்கம். எழுத்து மட்டும் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. தண்ணீர், கல்கண்டு, பொத்தான். முதல் டம்ளர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். நான் வறுத்த அரிசி வாசனையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது வந்ததும் முழு பலத்தோடு மகிழ்ந்துவிட வேண்டும் என்று திட்டம்.

மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனேன்.

அரிசி வாசனை இல்லை. நனைந்த அட்டை வாசனை.

அருளப்பன் முப்பது வருடம் நெல்லித்தோப்பில் அட்டைப்பெட்டிக் கடை நடத்தினார். மழைக்காலத்தில் கடை ஒழுகும். நனைந்த அட்டைகளை மிதிவண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிடுவார். சோற்றில், தலையணையில், அவர் சட்டையில், தலைமுடியில் என்று வீடு முழுக்க அந்த வாசனை இரண்டு மாதம் இருக்கும். இருபத்திரண்டு ஐப்பசிகளிலும் நான் சண்டை போட்டிருக்கிறேன். "குடும்பம் நடத்துறேனா, குடோன் நடத்துறேனா?" என்று கேட்பேன். "நாளைக்குக் காஞ்சிடும் பிலோ" என்பார். அவர் போன பிறகு கொழுந்தனார் கடையைக் காலி செய்து கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில் என் வீடு காய்ந்து கிடந்தது.

ஒரு வாய் குடித்தேன். அது நாக்கின் மேல் படர்ந்தது. அவர் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டதுபோல இருந்தது.

எத்தனை நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. மேசையில் தலையை வைத்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதேன். பதினான்கு மாதத்துக்கும் சேர்த்து அழுதேன். அதில் துக்கம் மட்டும் இருந்தது என்று சொன்னால் பொய். அவரைப் பார்த்துவிட்ட சந்தோஷமும் இருந்தது. நிமிர்ந்தபோது சொக்கலிங்கம் திரையைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஏழு வருடத்தில் முதல்முறையாக, நான் கொடுத்த எண்ணை என்னிடமே சொன்னார்.

"நாலு புள்ளி ஒம்போதுக்கா! பட்டை வந்த நாள்லேர்ந்து யாருக்குமே இது வந்ததில்ல. உங்களுக்குச் சரியாயிடுச்சு! இனிமே எதையும் எழுதிக் குடுக்க வேணாம்."

"சொக்கு, இந்தப் பீரு கெட்டுப் போயிருக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"பழசாயி நாறுது. நல்லாவே இல்ல. நான் அழுதது வேற."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க உடம்பு அப்படிச் சொல்லலயேக்கா" என்றார்.

பட்டைக்கு உடம்பு துள்ளுவது மட்டும்தான் தெரியும், எதற்காகத் துள்ளுகிறது என்று தெரியாது. அந்த எண் மெஷினுக்குள் போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்கப் பொத்தான் கிடையாது. அன்றே விலகினேன். சொக்கலிங்கத்தின் பெயரை இழுக்காமல் நடந்ததையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்தேன்.

கண்ணாடி இல்லாத உலகம் எனக்குப் புதிதாக இருந்தது. எங்கே பார்த்தாலும் எண்கள். ஆட்டோக்காரருக்கு நாலு புள்ளி இரண்டு. நான் ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருந்த பல் டாக்டருக்கு ஒன்று புள்ளி எட்டு. அடுத்த முறை அவர் கிளினிக்குக்குப் போனபோது, ஏழு வருடமாக வலிக்காமல் பல் பார்த்த அதே கை அன்று வலிக்க வைத்தது.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். 'ஏரிக்கரை' பீரை இதுவரை நாற்பதாயிரம் பேர் குடித்துவிட்டார்கள், அவர்களின் சராசரி நாலு புள்ளி எட்டு, ஆகவே தொடக்க எண்ணில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. முந்தைய பதினான்கு மாத எண்களும் அவ்வாறே மக்களால் உறுதி செய்யப்பட்டவை. தாங்கள் உடல்நலம் பேண வாழ்த்துகிறோம்.

அதற்கும் ஏழெட்டு மாதம் கழித்துத் தணிகாசலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டார். கடற்கரைப் பக்கம் சொந்தமாகவே ஒரு கடை திறந்திருக்கிறாராம், கட்டாயம் வர வேண்டும் என்றார். போனேன். வாசலில் வரிசை நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டித்தான் உள்ளே விட்டார்கள். சுவரில் ஆளுயரத்துக்கு அந்த எண் எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். கடை முழுக்க நனைந்த அட்டை வாசனை.

"உங்களுக்கு மட்டும் சொல்றேம்மா" என்று என்னை ஓரமாக உட்கார வைத்தார் தணிகாசலம். சட்டை இப்போது விறைப்பாக இருந்தது. "பழைய சரக்கு தீந்ததும் புதுசாக் காய்ச்சி அனுப்பினேன். இது அது இல்லைன்னு ஜனம் முகத்தத் திருப்பிக்கிச்சு. எண்ணு எறங்க ஆரம்பிச்சிது. என்ன பண்றது? இப்ப எல்லாத்தையும் தகர ஷெட்டுல அஞ்சு மாசம் வேகவச்சுத்தான் அனுப்பறேன். திண்டிவனத்துல ஒருத்தரு அட்டையவே தொட்டியில ஊறப்போடறாராம்."

"புதுசா ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். முந்தின வாரம் காய்ச்சியதாம். குடித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவர் எப்பேர்ப்பட்ட கைகாரர் என்று. வறுத்த அரிசி வாசனை மெல்ல எழுந்து, கடைசியில் ஒரு சின்னக் கசப்போடு முடிந்தது. முதல் தடவை மரத்துப்போன வாயோடு இதைத்தான் குடித்திருக்கிறேன், இதற்குத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அண்ணே, இதுதான் பீரு. ரொம்ப நல்லா இருக்கு. அந்தக் கெட்டத ஊத்திட்டு இத விக்கக் கூடாதா?"

அவர் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். எனக்காகச் சுளிக்கவில்லை, நிஜமாகவே சுளித்தார்.

"என்னவோ பச்சையா இருக்குல்ல?" என்றார்.

பிறகு மற்ற டம்ளரை எடுத்து, சுவரில் எரியும் எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் குடித்தார். காதுக்குப் பின்னால் அவருடைய பட்டை பச்சையாக மின்னியது. நான்கு மாதம் டீக்கடையில் நின்று என்னைத் தேடிப் பிடித்து, உங்கள் நாக்குக்கு என்ன ஆச்சு என்று கேட்ட மனிதர் இவர்.

"இதாம்மா பீரு" என்றார். "அன்னைக்கே நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. எனக்கே தெரியல பாருங்க."

எழுந்து நின்று கத்த வேண்டும் என்று தோன்றியது. இது கெட்டுப்போன சரக்கு, நீங்கள் குடிப்பது என் வீட்டுக்காரரின் சாவு, எல்லாரும் துப்புங்கள் என்று. கத்தினால் என்ன ஆகும்? திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். எந்தப் பட்டையும் பொய் சொல்லவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் உண்மையாகவே மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குனிவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. நாளைக்குக் காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே கூடம் முழுக்கப் பரப்புகிறவரின் வாசனை. மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அழுகை வந்தது. அதைத் துடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்து, தெரியும் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கெட்டுப் போயிருக்கு" என்றேன். "இன்னொண்ணு குடுங்க."